குருத்தோலையும் கருக்கும்

திருநீற்றுப் புதன் நெருங்கும்போதெல்லாம் நம் கத்தோலிக்க இதழ்களில் ஒருவகைக் கட்டுரை தவறாமல் இடம்பெறும். எழுதுபவர் மாறுவார்; ஊரும் மாறும்; கட்டுரை மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஊதாத் துணியால் மூடிய சுரூபங்கள், பாட்டியின் ஒருசந்தி, வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை, பெரிய வியாழன் இரவில் நற்கருணை முன் விழிப்பு, பெரிய வெள்ளியன்று மணிக்குப் பதிலாக ஒலிக்கும் மரக்கட்டை, கோயில் முற்றத்தில் கஞ்சியும் துவையலும், பாஸ்கு இரவில் கையில் எரியும் மெழுகுதிரி, விடிந்ததும் புத்தாடை, நாற்பது நாள் காத்திருந்த கறிக்குழம்பு. இறுதியில், அந்தப் பக்தி இன்று எங்கே என்றொரு பெருமூச்சு.

இவற்றை நான் விரும்பிப் படிப்பவன். நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். ஆயினும் கவிதையையும் சிறுகதையையும் நாடகத்தையும் எடைபோடும் நாம், நம்மவர் மிகுதியாக எழுதும் இந்நினைவுக் கட்டுரையை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு அரிதாகவே மதிப்பிடுகிறோம். பக்தியோடு எழுதப்பட்டது என்பதால் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதென்று விட்டுவிடுகிறோம். அது மரியாதை போலத் தோன்றினாலும் ஒருவகை அலட்சியமே எனக் கருதி இதை எழுதத் துணிகிறேன்.

முதலில் அவற்றின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். நம் முன்னோர் விசுவாசம் சமையற்கட்டிலும் திண்ணையிலும் எவ்வாறு வாழ்ந்தது என்பதைத் திருவழிபாட்டு நூல்கள் சொல்வதில்லை, இக்கட்டுரைகளே சொல்கின்றன. ஒருசந்தி, சுத்தபோசனம், பாவசங்கீர்த்தனம், பாஸ்கு போன்ற சொற்கள் இன்றைய மறைக்கல்விக் குழந்தைகளுக்கு அந்நியமாகிவிட்டன. அச்சொற்களுக்கு இவை கடைசிப் புகலிடமாக விளங்குகின்றன. இந்நன்றியை மறக்காமலேயே, இவ்வகை எழுத்தின் இரு குறைகளைச் சுட்ட விரும்புகிறேன். இரண்டும் பார்வைக்கு இலக்கணம் சார்ந்தவை. ஆனால் அவற்றின் வேர் ஆழமானது.

ஆண்டில்லாத நினைவு

இக்கட்டுரைகளின் வினைமுற்றுகளைக் கவனியுங்கள். கஞ்சி குடிப்போம், கோயிலுக்குப் போவோம், விழித்திருப்போம் என்றே அவை நடக்கும். வழக்கமாக நிகழ்ந்ததை இவ்வாறு எதிர்கால வடிவில் சொல்வது தமிழுக்கு இயல்பானதே. ஆனால் ஒரு கட்டுரை முழுவதும் அவ்வினையிலேயே நடந்தால், ஓர் ஆண்டுக்கும் மற்றோர் ஆண்டுக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. ஏரி நிரம்பிய ஆண்டின் தவக்காலமும் ஏரி வறண்ட ஆண்டின் தவக்காலமும் ஒன்றாகிவிடுகின்றன.

உத்திரமேரூர்ப் பகுதியில் பிறந்தவனுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மண் ஏரிப் பாசன மண். சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் முடியும். ஏரியில் நீர் மிஞ்சினால் நவரைப் பயிர் உண்டு, நடவும் களையெடுப்பும் உண்டு, கூலி உண்டு. நீர் மிஞ்சாத ஆண்டில் மாசிக்குப் பிறகு வயலில் வேலை இராது. தவக்காலம் பெரும்பாலும் அந்த மாசி, பங்குனியில்தான் வருகிறது. திருச்சபையின் நாள்காட்டியில் நோன்பு தொடங்கும் வாரங்களில், வயலின் நாள்காட்டியில் நிலமற்றோரின் பட்டினியும் தொடங்கிவிடும்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் நான் எழுதிய தவக்கால நினைவுக் கட்டுரையில் இதில் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் வீட்டில் சிறிது நிலம் இருந்தது. குதிரில் நெல் இருந்தது. பாட்டி ஒருசந்தி இருந்து, பொழுது சாய்ந்தபின் உண்ட ஒருவேளைச் சோற்றின் மணத்தை அரைப் பக்கம் வருணித்திருந்தேன். அக்கட்டுரையையே பிற்பாடு ஒரு கிராமப் பங்கில் மறையுரையாகவும் ஆற்றினேன். பூசை முடிந்ததும் கூலி வேலை செய்யும் மூதாட்டி ஒருவர் கோயில் வாசலில் நின்று சொன்னார்: "ஒருசந்தி நல்லதுதான் சாமி. நீங்க ஒருவேளைய வச்சிக்கிட்டு மத்த வேளைய விட்டீங்க. எங்களுக்கு அந்த ஒருவேளைதான சாமி இருந்துச்சி." அவர் குறை சொல்லவில்லை. நான் சொன்ன கதையில் விடுபட்டதை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவே.

அவர் சொன்னது புதிய செய்தியன்று. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர், நிலமின்றி உழைத்த இம்மக்களின் வறுமை குறித்து அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். அதன் விளைவே 1892-இல் தொடங்கிய பஞ்சமி நில ஒதுக்கீடு. அந்நிலங்கள் பலவும் பின்னர்க் கைமாறிப் போயின. அவற்றை மீட்க இதே மாவட்டத்தில் 1994 அக்டோபரில் நடந்த காரணைப் போராட்டத்தின்போது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசு, ஏழுமலை என்னும் இருவர் உயிர் இழந்தனர். நாம் பெரிய வெள்ளியைப் பற்றி எழுதும் கட்டுரைகளில் இம்மண்ணின் இத்தகைய வெள்ளிகளுக்கு இடமிருந்ததாக எனக்கு நினைவில்லை.

திருச்சபையோ இவ்வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 பிப்ரவரி 17 அன்று வெளியிட்ட 'பெனித்தேமினி' ஏடு, கட்டாய நோன்பு நாள்களைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என இரண்டாகக் குறைத்தது. நம்மில் பலர் அதை அந்த அளவில் மட்டுமே அறிவர். சலுகை என்று மகிழ்ந்தோரும் உண்டு, பக்தி தளர்ந்தது என்று வருந்தியோரும் உண்டு. அதே ஏடு, வளமாக வாழும் நாட்டினர் தன்னொறுத்தலுக்குச் சான்று பகர வேண்டும் என்கிறது. வறுமையில் வாழ்வோரோ தம் துன்பத்தை ஆண்டவரின் பாடுகளோடு இணைத்து ஒப்புக்கொடுப்பதுடன், சமூக நீதிக்காகவும் உழைக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறது. திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியும் சனியும் திருப்பலியில் வாசிக்கப்படும் எசாயா 58-ஆம் அதிகாரம், இறைவன் விரும்பும் நோன்பு கட்டவிழ்ப்பதும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதுமே என்று முழங்குகிறது. ஆண்டு குறிப்பிடாத நம் நினைவுக் கட்டுரைகளில் பாட்டியின் ஒருசந்தி இருக்கும். எசாயாவின் நோன்பு இராது.

'நாங்கள்' யார்?

இரண்டாவது குறை ஓர் இடப்பெயரில் இருக்கிறது. கேட்பவரையும் உள்ளடக்கிய 'நாம்' என்பதும், அவரை வெளியே நிறுத்தும் 'நாங்கள்' என்பதும் தமிழில் வேறு வேறு. நினைவுக் கட்டுரைகள் 'நாங்கள் எல்லோரும்' என்ற தொடரை வாரி வழங்குகின்றன. நாங்கள் எல்லோரும் குருத்தோலை ஏந்தி ஊர்வலம் சென்றோம் என்று எழுதுகிறோம். அந்த 'எல்லோரும்' என்பதற்குள் யார் யார் இருந்தனர் என்று எவரும் கேட்பதில்லை.

என் கட்டுரையில் ஒரு வாக்கியம் இவ்வாறு அமைந்திருந்தது: 'சனிக்கிழமை மாலையே குருத்தோலைகள் கோயில் முற்றத்தில் வந்து இறங்கும்.' பல ஆண்டுகள் கழித்து அதை மீண்டும் படித்தபோதுதான் என் வினைச்சொல் எனக்கே உறைத்தது. ஓலை தானாக வந்து இறங்குமா?

அதைக் கொண்டுவந்தவர் சேரியைச் சேர்ந்த ஒரு முதியவர். ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். எங்கள் பங்கின் உறுப்பினர். அவர் வடலிப் பனைகளிலிருந்து குருத்து எடுப்பார். வடலியில் குருத்தெடுக்க மரமேற வேண்டியதில்லை. மட்டைகளுக்கிடையே கையை நுழைத்தால் போதும். ஆனால் மட்டையின் இரு விளிம்பிலும் வாள்பற்களைப் போலக் கருக்கு நிற்கும். அவருடைய முன்னங்கைகள் இரண்டிலும் பழைய தழும்புகளும் புதிய கீறல்களுமாக இருந்ததைச் சிறுவனான நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை, வெண்ணிறக் குருத்தை அழகாக மடித்துச் சிலுவை செய்து நாங்கள் முன்னே நடந்தோம். அவரும் அவர் தெருவினரும் ஊர்வலத்தின் இறுதியில் நடந்தனர். எங்கள் தெருவோடு ஊர்வலம் திரும்பிவிட்டது. அவர்கள் தெருவுக்குள் போகவில்லை. வயதில் என் தாத்தாவுக்கு இணையான அவரை நான் பெயர் சொல்லி, 'நீ' என்றே அழைத்தேன். அதைத் தவறென்று வீட்டில் எவரும் எனக்குச் சொல்லவில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பொய்யையும் கீழ்ப்படியாமையையும் எண்ணிச் சொன்ன நான், இதை ஒருமுறையும் சொன்னதில்லை. பாவம் என்று அறிந்தால்தானே சொல்வதற்கு?

ஓலைக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உறவு பழையது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ளன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையைப் பள்ளியில் பெருமையோடு படித்தோம். பெருமைக்குரியதுதான். ஆனால் ஓலையில் பெயர் இடம்பெற, கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும்; வேதக் கல்வியும் வேண்டும். நிலமற்றவரின் பெயரை எந்த ஓலையும் தாங்கவில்லை. ஊரின் பெருமையைச் சொல்லும்போது நாம் எதை விடுகிறோமோ, குருத்து ஞாயிற்றைச் சொல்லும்போதும் அதையே விடுகிறோம்.

நம் ஆலயங்களின் வரலாறும் இதற்குச் சான்று. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் அமரும்படி இரு கிளைகளாகக் கட்டப்பட்டு, இடையே சுவரும் வைக்கப்பட்டிருந்தது. அச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. கல்லால் ஆன சுவரை ஒருநாளில் இடிக்கலாம். 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் இருக்கும் சுவரை எழுதுபவர் ஒவ்வொருவரும் தாமே இடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாற்றுச் சான்று

அவ்வாறு இடித்து எழுதிய நூல் தமிழில் இல்லாமல் இல்லை. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வெளிவந்தது. விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகி, துறவற சபையில் சேர்ந்து, பின்பு அதிலிருந்து வெளியேறிய ஒரு பெண்ணின் தன்வரலாறு அது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-இல் வந்தபின் உலகின் பல்கலைக்கழகங்கள் அதைக் கற்பிக்கின்றன. நம் பங்கு நூலகங்களில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

'கருக்கு' தவக்காலத்தைப் பற்றிய நூலன்று. ஆனால் நம் நினைவுக் கட்டுரைகளில் வரும் கோயிலும் பூசையும் மறைக்கல்வியும் கன்னியரும் திருவிழாவும் அதிலும் வருகின்றன. அதே கத்தோலிக்கக் குழந்தைப் பருவம், இம்முறை ஊர்வலத்தின் பின்வரிசையிலிருந்து சொல்லப்படுகிறது. பாட்டி அதிலும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டி மேல்சாதி வீடுகளில் வேலை முடித்து, உயரத்திலிருந்து ஊற்றப்படும் தண்ணீரைக் கையேந்திக் குடிப்பவர். மிஞ்சிய சோற்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருபவர். நம் கட்டுரைகளில் பாட்டி ஒருவேளை உணவைத் தாமே தள்ளிவைக்கிறார். இந்நூலில் பாட்டியிடமிருந்து மாண்பே தள்ளிவைக்கப்படுகிறது. இரண்டு பாட்டிமாரும் ஒரே திருப்பந்தியில் ஒரே அப்பத்தை உண்டவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

நூலின் பெயரே ஒரு மறையுரை. பனங்கருக்கின் இருபுறக் கூர்மையைக் கண்ட பாமா, இறைவார்த்தையை இருபுறமும் கூரான வாளுக்கு மேலானதாகச் சொல்லும் எபிரேயர் திருமுகத்தை முன்னுரையில் நினைவுகூர்கிறார். நாம் பனையிலிருந்து குருத்தை மட்டும் எடுத்து ஆலயத்துக்குள் கொண்டுவந்தோம். அவர் அதே பனையின் மட்டையையும் கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்துவிட்டார். இறைவன் தாழ்ச்சியும் சாந்தமும் உள்ளவர் என்று கற்பித்த நாம், அநீதியைக் கண்டு சினப்பவர் அவர் என்பதைச் சொல்லாமல் விட்டோம் என்பது அவர் நம்மீது வைக்கும் குற்றச்சாட்டு. குருவாகிய நான் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை.

திறனாய்வு என்று வந்தபின் அந்நூலின் குறையையும் சொல்ல வேண்டும். துறவியர் அதில் பெரும்பாலும் ஒரு கூட்டமாகவே தெரிகின்றனர்; தனி முகங்கள் குறைவு. அடக்குமுறைக்குள்ளும் மனச்சான்றோடு போராடிய கன்னியர் இருந்திருப்பர். அவர்களை வாசகர் காண முடிவதில்லை. இதைக் குறையாகச் சுட்டும் அதே வேளையில், நம் நினைவுக் கட்டுரைகளில் சேரி மக்களுக்கு நாம் கொடுத்த முகங்கள் எத்தனை என்ற கேள்வி என் பேனாவைத் தடுக்கிறது. அதன் பேச்சுமொழியைக் குறை கூறியோரும் உண்டு. செந்தமிழ் உரைநடையில் பயிற்சி பெற்ற எனக்கும் முதல் வாசிப்பில் அது இடறியது. பிறகுதான் புரிந்தது: கோயில் வாசலில் அந்த மூதாட்டி என்னிடம் பேசிய மொழியும் அதுவே. அவர் சொன்னதைச் செந்தமிழில் மாற்றி எழுதியிருந்தால் அதன் கூர்மை மழுங்கியிருக்கும்.

இன்னொன்று: 'கருக்கு' தீர்வு சொல்லி முடிவதில்லை. மடத்தைவிட்டு வெளியே வந்தவர் திக்குத் தெரியாமல் நிற்கிறார். இதை நம்பிக்கையின்மை என்று சிலர் கூறக்கூடும். எனக்கோ அது பெரிய சனியாகத் தோன்றுகிறது. அன்று பகல் முழுவதும் பீடம் வெறுமையாக இருக்கும், திருப்பலி இல்லை. நம் நினைவுக் கட்டுரைகள் வெள்ளிக்கிழமைக் கஞ்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன. சனிக்கிழமையில் நிற்பவர்களும் நம் பங்கில் இருக்கிறார்கள்.

காயமுள்ள உயிர்ப்பு

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், ஜெர்மானிய இறையியலாளர் யோகான் பாப்டிஸ்ட் மெட்ஸ் (1928-2019) என்பவரின் ஒரு கருத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். கிறிஸ்துவின் பாடுகளின் நினைவு ஆபத்தான நினைவு என்பது அது. வென்றவர்களின் வரலாற்றை நிம்மதியாக இருக்கவிடாமல் அது தொந்தரவு செய்யும் என்றார் அவர். பதினாறு வயதில் போர்ப்படையில் சேர்க்கப்பட்ட அவர், செய்தி ஒன்றைச் சேர்ப்பித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, தம் அணியின் இளைஞர் அனைவரும் இறந்துகிடக்கக் கண்டவர். நினைவு என்பது அவருக்கு இனிமை தேடும் இடமாக இருக்கவில்லை.

நம் திருப்பலியும் ஒரு நினைவுகூர்தலே. தம் நினைவாகச் செய்யுமாறு ஆண்டவர் பணித்த இரவு, காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு. நற்செய்தியாளர்கள் அவ்விரவை எழுதியபோது பேதுருவின் மறுதலிப்பை மறைக்கவில்லை. சீடர் ஓடிப்போனதை விடவில்லை. தலைவர்களின் வீழ்ச்சியைத் தன் திருநூலிலேயே பதித்து, ஆண்டுதோறும் மக்கள் முன் வாசிக்கும் சமூகம் நாம். நம் சொந்த ஊரின் நினைவை எழுதும்போது மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

உயிர்த்த ஆண்டவர் சீடருக்குத் தோன்றியபோது அவர் கைகளிலும் விலாவிலும் காயங்கள் இருந்தன என்கிறது யோவான் நற்செய்தி. மகிமை பெற்ற உடலில் தழும்பு எதற்கு என்று கேட்கலாம். தழும்பைக் காட்டாத ஒருவரைத் தோமையார் ஏற்றிருக்கமாட்டார். அந்தத் தோமையார் பெயரால் விளங்கும் மண்ணில் வாழும் நாம், பாஸ்குவின் நினைவை எழுதும்போது காயத்தைத் துடைத்துவிட்டு எழுதுவது பொருந்துமா?

அன்பு வாசகரே, தவக்கால நினைவுகளை எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள். ஆனால் எந்த ஆண்டு என்று எழுதுங்கள். அவ்வாண்டு ஏரியில் நீர் இருந்ததா என்று எழுதுங்கள். 'நாங்கள் எல்லோரும்' என்று எழுதியபின், யார் இல்லை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எழுதும் முன், அக்காலத்தில் ஊர்வலத்தின் பின்வரிசையில் நடந்த ஒருவரைத் தேடிச் சென்று, அவர் நினைவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பேசுவதைவிடக் கேட்பது கடினமான ஒருசந்தி.

வரும் திருநீற்றுப் புதனுக்காக, சென்ற ஆண்டின் குருத்தோலைகளைச் சேர்த்து எரித்துச் சாம்பலாக்கும் வேலை என் முன் இருக்கிறது. அதற்கிடையே என் பழைய கட்டுரையையும் திருத்தி எழுதத் தொடங்கியிருக்கிறேன். குருத்தோலைகள் வந்து இறங்கும் என்ற அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அம்முதியவர் இப்போது உயிரோடு இல்லை. மன்னிப்புக் கேட்க வழியில்லை. அவ்விடத்தில் இப்போது இவ்வாறு எழுதியிருக்கிறேன்: சனிக்கிழமை மாலை அவர் குருத்தோலை கொண்டுவந்தார்.